குழாயில் போட்ட பூ

எங்கள் தம்பாக் வேதித் தெருவில் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். கூரை இருந்த இடத்தில் இருக்கிறது, தரைதான் ஏறிக்கொண்டே போகிறது. செமாராங் நகரத்திலேயே கடலை ஒட்டின கடைசித் தெரு எங்களுடையது. ஊர் அமிழ அமிழக் கடல் உள்ளே வரும். உடனே மேல்நகரத்து மலையை வெட்டின மஞ்சள் மண்ணை லாரியில் வாங்கிக் கொட்டி, மிதித்து, மேலே சிமெண்டு பூசி, அப்பாடா என்று உட்காருவோம். கொஞ்ச காலத்தில் அந்தத் தளமும் அமிழ்ந்துவிடும். மறுபடி மண். என் வீட்டு ஜன்னல் கடைசியில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. கோழி உள்ளே வருவதற்குச் சௌகரியம். இளவயதில் என்னைக் குட்டச்சி என்று கேலி செய்த நெட்டையன்கள் எல்லாம் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு திரிந்தார்கள். நான் மட்டும்தான் நிமிர்ந்த தலையோடு நிலைப்படி தாண்டினேன்.

கஸ்மினா அக்கா என் பக்கத்து வீடு. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. என் வீட்டுப் பின்னால் கெளுத்தி மீன் புகை போடும் அடுப்பு. கொட்டாங்கச்சிப் புகை முழுக்க அவள் வீட்டுக்குத்தான் போகும். அவள் தகர டிரம்மில் பச்சை மட்டி அவித்து ஓடு உரிக்கிறவள். அந்த ஓட்டு நாற்றம் முழுக்க எனக்கு வரும். அதற்காக நாங்கள் சண்டை போடாத வாரம் கிடையாது. சண்டை முடிந்ததும் நான் ஒரு கெளுத்தித் தலை கொடுப்பேன், அவள் தேங்காய்ப்பால் விட்டுக் காரமாகக் குழம்பு வைத்துப் பாதியைத் திருப்பிக் கொடுப்பாள். உப்பு மட்டும் அவளுக்கு எப்போதும் கூடுதல்.

அவள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டிருந்தது. வீட்டிலிருந்து வெளியே வந்தால் வலது கைப் பக்கம், நிலைக்காலை ஒட்டி. வியாழக்கிழமை சாயங்காலமானால் அந்தக் குழாய்க்குள் ரோஜா இதழைப் போடுவாள். ஒவ்வொரு தடவை மண் அடிக்கும்போதும் குழாய் புதைந்துவிடாமல் மேலே ஒரு துண்டு ஒட்டி உயர்த்திக்கொள்வாள். "உன் வீட்டுக் கொழா வருஷா வருஷம் வளருதுக்கா, எப்ப காய்க்கும்?" என்று நான்கூடக் கேட்டிருக்கிறேன். அவள் சிரிக்க மாட்டாள். அந்தக் குழாயின் அடியில் கிடந்தது அவள் மகன் வர்சித்தோவின் நஞ்சுக்கொடி.

எங்களில் பிள்ளை பிறந்தால், கூடவே வந்த நஞ்சுக்கொடியை அந்தப் பிள்ளையின் உடன்பிறப்பாகத்தான் நினைப்போம். கழுவி, பிள்ளை எப்படி வரவேண்டும் என்று நினைத்து ஒரு சின்னச் சாமானோடு புதுப் பானையில் வைத்துக் கொடுப்பாள் தாய், அப்பன்காரன் வாசலில் புதைப்பான். ஆண் என்றால் வலது, பெண் என்றால் இடது. வர்சித்தோ பிறந்தபோது அவன் அப்பா ஜும்ரோனி அண்ணன், "கடல்ல விடறேன், எம்மவன் பெரிய கப்பல்ல போவான்" என்றார். பெற்ற உடம்போடு எழுந்து உட்கார்ந்து அக்கா அழுதாள். "வாசல்ல பொதைங்க. அது எங்க கெடக்கோ அங்கதான் அவன் திரும்பி வருவான்." அவர் விட்டுக்கொடுத்தார். அடுத்துப் பிறந்தவள் முர்யாத்தி. அவளுடையது இடது பக்கம். அதற்காக யாரும் அழவும் இல்லை, வாதாடவும் இல்லை.

அப்போது வாசல் கடலைப் பார்த்து இருந்தது. கடல் அந்த வாசலுக்கு முன்னால் இருந்த தெருவையே தின்ற பிறகு ஜும்ரோனி அண்ணன் அந்த வாசலை அடைத்துவிட்டு, ஊர்ப் பக்கம் புது வாசல் திறந்தார். இரண்டு பானைகளையும் தோண்டி எடுத்துப் புது வாசலில் வைத்தார். அக்கா அன்றைக்கு மட்டி வாங்கப் படகுத்துறைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம், "வலது வலதுலயே இருக்கு, இடது இடதுலயே இருக்கு, கவலைப்படாத" என்றார். நானும் அங்கேதான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், அவர் சொன்னது காதில் விழுந்தது.

அந்த மனிதர் கடலில் எமகாதகர், தரையில் அப்பாவி. ஒரு தடவை மேல்நகரத்தில் கல்யாண வீட்டுக்குப் போக, பஸ்காரன் "வலது பக்கத் தெருவா, இடது பக்கமா?" என்று கேட்டிருக்கிறான். இவர் எழுந்து நின்று, "மொதல்ல கடல் எந்தப் பக்கம்னு சொல்லுப்பா" என்றாராம். பஸ்ஸே சிரித்ததாம். அவர் நெஞ்சுவலியில் போனபோதும் இந்தக் கதையைச் சொல்லித்தான் அழுதோம்.

வர்சித்தோ, அப்பா ஆசைப்பட்ட மாதிரியே, பெரிய கப்பலுக்குப் போனான். கணவாய் மீன் பிடிக்கிற அந்நிய தேசத்துக் கப்பல். கொஞ்ச நாள் போனில் பேசினான். பிறகு கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் வந்து, புயலில் அவனை அலை அடித்துக் கொண்டுபோய்விட்டது, தேடிக் கிடைக்கவில்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். பள்ளிவாசலில் உடல் இல்லாமலே தொழுகை நடத்தினார்கள். தெருவே போனது. அக்கா மட்டும் போகாமல் மட்டி உரித்துக்கொண்டிருந்தாள். "உடம்பு வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். மறுநாள்தான் அந்தக் குழாயை நட்டாள்.

குழாய் நட்டுப் பல வருஷம் கழித்து ஒரு தடவை வந்த ஏற்றத் தண்ணீர் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. நாங்கள் அதை ரோப் என்போம். வழக்கமாக ரோப் வந்தால் மத்தியானம் வந்து, கணுக்கால் நனைத்து, ராத்திரி போய்விடும். இந்தத் தடவை காற்றும் சேர்ந்துகொண்டது. கடலோரக் கல் தடுப்பில் விரிசல் விழுந்து மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அதிகாரிகள் ஒலிபெருக்கி கட்டின வண்டியில் வந்து, அமாவாசைக்குக் கடல் இன்னும் ஏறும், புயல் காற்று இருக்கிறது, தடுப்பு தாங்காது, எல்லோரும் அரசாங்கம் கட்டின அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று கத்திவிட்டுப் போனார்கள். அறை ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது. எனக்கும் அக்காவுக்கும் மூன்றாம் மாடியில் அடுத்தடுத்த கதவு.

நான் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வீட்டில் முர்யாத்தியின் குரல் உயர்ந்தது. ஏழு மாச வயிறு அவளுக்கு. புருஷன் குந்தோரோ மலைப் பக்கத்து ஆள், உருளைக்கிழங்கு விவசாயி மகன். கடலைக் கண்டால் இன்னும் கொஞ்சம் பயம்தான்.

"யம்மா, நீ வராம நான் போக மாட்டேன். எனக்கும் ஒண்ணும் தலையெழுத்து இல்ல, இந்த வயித்தோட தண்ணியில நிக்கணும்னு."

"போ. நான் வேணாங்கலயே. நான் இங்கனயே இருக்கேன்."

"தடுப்பு ஒடைஞ்சா?"

"ஒடைஞ்சா ஒடையட்டும். அவன் வந்து வாசல் எங்கன்னு தேடி நிப்பானா?"

"அண்ணன் வர மாட்டான்மா. எத்தனை தடவ சொல்றது?"

அக்கா மட்டிக் கத்தியைத் துடைத்தாள். நான் சந்து வழியாக உள்ளே போனேன். "ஏன்க்கா, பிள்ளத்தாச்சிய இப்படி அழ வைக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?"

"நீ புகை போடற வேலையைப் பாரு தாஸ்மி."

"அடுப்பே கடல்ல கெடக்கு, எங்க போட?"

குந்தோரோதான் ஒரு வழி சொன்னான். மெதுவாகப் பேசுகிற பையன். "அம்மா, வீட்டத்தான் தூக்கிட்டுப் போக முடியாது. பானையத் தோண்டி எடுத்துட்டுப் போலாமே. அங்க வாசல்ல ஒரு தொட்டியில வெச்சுக்கலாம். மாமாவும் அப்படித்தான ஒரு தடவ மாத்துனாரு?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்னால தோண்ட முடியுமா? இது உங்க ஊரு கெழங்கு இல்ல."

"முடியும்மா. ஒண்ணே ஒண்ணு. வலதுன்னா உள்ள இருந்து பாத்தா வலதா, வெளிய இருந்து பாத்தா வலதா?"

"மலையில இருந்து வந்தா இப்படித்தான் கேக்கத் தோணும். வெளிய போறப்ப வலது. கொழா நட்டு வெச்சிருக்கேன், கண்ணு தெரியலையா?"

மறுநாள் காலை தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில் தோண்ட ஆரம்பித்தான். எங்கள் மண்ணில் தோண்டுவது லேசல்ல. ஒரு முழம் போனால் ஊற்று வரும், பக்கமெல்லாம் சரிந்து குழி மூடிக்கொள்ளும். அக்கா தன் மட்டி டிரம்மைக் கொண்டுவந்து, அடித் தகரத்தை வெட்டி எடுக்கச் சொன்னாள். அதைக் குழாயைச் சுற்றிக் குழிக்குள் இறக்கினான். டிரம் பக்கத்தைத் தாங்கிக்கொள்ள, உள்ளே குனிந்து மண்ணை அள்ளினான். நானும் அக்காவும் வாளியால் தண்ணீர் இறைத்தோம். முர்யாத்தி உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைத் தேநீர் போட்டு வந்து நீட்டினாள்.

மண் அடுக்கடுக்காக வந்தது. மேலே மஞ்சள் மண், அடியில் உடைந்த சிமெண்டு, மறுபடி மஞ்சள் மண், மறுபடி சிமெண்டு, மட்டி ஓடு. எல்லாம் நாங்களே நின்று சமைத்து, சண்டை போட்ட தரைகள். ஒரு சிமெண்டுத் துண்டில் சின்னக் கால் தடம் இருந்தது. பூசின ஈரம் காய்வதற்குள் யாரோ மிதித்தது.

"இது அவன் காலு," என்றாள் அக்கா சட்டென்று. எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"எங்காலாக்கூட இருக்கலாம்," என்றாள் முர்யாத்தி.

"உன் காலு இல்லடி. நீ சொன்ன பேச்சு கேக்கறவ. அவன்தான் ஈரத்துல ஓடுவான்."

முர்யாத்தி தேநீர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.  சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைக்கு இந்த வீட்டில் கிடைத்தது இவ்வளவுதான் என்று அவளுக்கே பழகிப்போயிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது காற்று திசை மாறியது. தெருக்கோடியில் தண்ணீர் பளபளத்தது. ரோப் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. "சீக்கிரம் பையா," என்றேன். குந்தோரோ டிரம்முக்குள் இடுப்பு வரை தலைகீழாக இறங்கினான். அவன் கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொழா முடிஞ்சிடுச்சும்மா. கீழ ஒரே பூ."

கறுத்து, நசுங்கி, உருண்டையாகிப்போன இதழ்கள். இத்தனை வருஷமும் விழுந்த பூ அங்கேயே கிடந்து கெட்டியாகியிருந்தது. அதற்குக் கீழே பானை. மூடி உடைந்திருந்தது, பானைக்குப் பழுதில்லை. அதை அவன் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தபோது அக்கா முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்த கறுப்புச் சேற்றை விரலால் மெதுவாக ஒதுக்கினாள். உதடு என்னவோ முணுமுணுத்தது. வந்துட்டியாடா, என்றாள் என்று நினைக்கிறேன்.

விரல் நின்றது. சேற்றிலிருந்து வட்டமாக ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வெளியே வந்தது. ரசம் முழுக்கப் போயிருந்தது.

"பென்சில் எங்க?" என்றாள்.

"பென்சில் மக்கிப் போயிருக்கும்க்கா," என்றேன்.

"பென்சில் மக்கும். கண்ணாடி எப்படி வந்துச்சு? அவனுக்கு நான் கண்ணாடி வெக்கலையே. படிக்கணும்னு பென்சில் வெச்சேன். கண்ணாடி..." அவள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "கண்ணாடி இவளுக்குல்ல வெச்சேன். மொகம் லட்சணமா இருக்கணும்னு."

 அக்கா மருமகன் மேல் பாய்ந்தாள். "தப்பாத் தோண்டிட்ட!"

"கொழா நேருக்குத்தாம்மா தோண்டுனேன். பூவே மேல கெடந்துச்சே."

முர்யாத்திதான் சொன்னாள். குரலில் ஒன்றுமே இல்லை. "அப்பாவுக்கு வலதுன்னா கடலப் பாத்து நின்னா வர்ற வலது. பழைய வாசல்லயும் அதான், இந்த வாசல்லயும் அதான். அவருக்கு வேற வலது ஏது?"

பஸ் நிறைய ஆள் சிரித்தது எனக்குக் கேட்டது. அட மனுஷா! வலது வலதிலேயே இருக்கிறது என்று சொன்னாரே. உண்மையைத்தான் சொன்னார். ஊரைப் பார்த்து வாசல் திரும்பியது, அவர் திரும்பவே இல்லை.

"அப்ப இத்தனை வருஷமா எனக்கா பூ போட்ட?" முர்யாத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "என் பிறந்தநாளுக்கு ஒரு முட்டை அவிச்சுக் குடுத்ததில்ல நீ. வாரம் தவறாம பூ மட்டும் போட்டிருக்க. எனக்கே தெரியாம."

அக்காவின் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. பானையைத் தரையில் வைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலின் மறு பக்கம் ஓடினாள். அந்தப் பக்கம் தாழ்வு, தண்ணீர் ஏற்கெனவே முழங்கால் அளவு நின்றது. தண்ணீருக்குள்ளேயே வெட்டினாள். வெட்ட வெட்டக் குழி மூடிக்கொண்டது. "டிரம்மைக் கொண்டாங்கடா! பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்று கத்தினாள். அந்த நேரத்தில்தான் தெருக்கோடியில் கூச்சல் எழுந்தது. தடுப்பு உடைந்துவிட்டது. மணல் மூட்டைகள் தண்ணீரோடு உருண்டு வந்தன. வண்டிகள் மிதந்தன. யாரோ பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

"யம்மா, வா!"

"இரு, கெடைச்சிடும். இங்கதான் இருப்பான்."

முர்யாத்தி குனிய முடியாமல் குனிந்து, தரையில் கிடந்த பானையை எடுத்தாள். அதைத் தன் வயிற்றின் மேல் அணைத்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள்.

"இத என்ன பண்ணட்டும், சொல்லு. என்னோடதுதான? தண்ணியில விட்டுடட்டா?"

கேட்டுவிட்டு அவள் நகரவில்லை. நிஜமாகவே பதில் வேண்டும் அவளுக்கு.

அக்கா திரும்பினாள். மகளைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அந்த வயிற்றைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, தண்ணீர் என் தொடைக்கு வந்திருந்தது. பிறகு மண்வெட்டியைக் கைவிட்டாள். அது மூழ்கிப் போனது. தலையில் சுற்றியிருந்த நீளத் துணியை அவிழ்த்துக்கொண்டே மகளிடம் வந்தாள்.

"குடுடி இங்க. ஏழு மாசத்துல இவ்ளோ கனம் தூக்கக்கூடாதுன்னு தெரியாது?"

அந்தப் பானை ஒரு கிலோகூட இருக்காது. அக்கா அதைத் துணிக்குள் வைத்து, கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரித் தோளிலிருந்து இடுப்புக்குத் தூளி கட்டினாள். ஒரு கையால் பானையின் அடியைத் தாங்கிக்கொண்டாள். மறு கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். முர்யாத்தி சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். "அழாத, வழுக்கும், காலடியப் பாரு," என்று அதட்டிக்கொண்டே கூட்டிப்போனாள்.

பெரிய தெருவில் மீட்புப் படகு நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். என் வீட்டு ஜன்னல் தண்ணீருக்குள் போயிருந்தது. அக்கா வீட்டு வாசலில் குழி இருந்த இடமும், குழி எடுக்காத இடமும் ஒரே தண்ணீராக இருந்தன. பிளாஸ்டிக் குழாய் பிடுங்கிக்கொண்டு மிதந்து போனது.

அக்கா அந்தப் பக்கமே பார்த்தாள். பிறகு என்னிடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "இவங்கப்பா அன்னைக்கே கேட்டாரு, கடல்ல விடறேன்னு. நாந்தான் விடல. இப்ப கடலே வந்து வாங்கிக்கிச்சு." தூளியிலிருந்த பானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "போகட்டும் தாஸ்மி. அங்க அவன் தனியாத்தான கெடக்கான்."

அவன் கடலில் கிடக்கிறான் என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னால் தாங்க முடியவில்லை. படகு என்றும் பாராமல் வாய்விட்டு அழுதேன். கெளுத்தி புகைத்துப் புகைத்துக் கண்ணீரே வற்றிப்போன கண் என்று நினைத்திருந்தேன்.

இப்போது எல்லோரும் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். புகை போட விட மாட்டேன் என்கிறார்கள், நான் ஒரு பழைய குடோனில் அடுப்பு பிடித்திருக்கிறேன். அக்காவுக்கு மட்டி கிடைக்கிறது, உரிக்கிறாள், நடை முழுக்க நாறுகிறது, சண்டை போடுகிறோம். முர்யாத்திக்குப் பெண் குழந்தை. பிறந்த அன்றைக்கு அக்கா என்னை நடையின் கோடி ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். "கடல் எந்தப் பக்கம், சரியாப் பாத்துச் சொல்லு," என்றாள். தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு தெரிந்தது, கையைக் காட்டினேன். அங்கிருந்து அந்தத் திசையைப் பார்த்த மேனிக்கே பின்னால் நடந்து தன் கதவுக்கு வந்து, இடது கைப் பக்கம் பெயிண்டு வாளி ஒன்றை வைத்தாள். மஞ்சள் மண் நிரப்பி அதில் மகளுடைய பானையையும், பக்கத்திலேயே பேத்தியுடைய புதுப் பானையையும் புதைத்தாள். வியாழக்கிழமை பூ போடுகிறாள். முர்யாத்தி பார்க்காத மாதிரி நின்று பார்ப்பாள்.

கதவின் மறு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. முதலில் எனக்குத் தெரியாது, கெளுத்தித் தலை கொண்டுபோகும்போதெல்லாம் அங்கேதான் செருப்பைக் கழற்றுவேன். திரும்பி வரும்போது செருப்பு நடுவில் கிடக்கும். ஒருநாள் அவளே நகர்த்துவதைப் பார்த்துவிட்டேன்.

"ஏன்க்கா, அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல," என்றாள். என் செருப்பைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். "அவன் பக்கம் அது."

அதற்குப் பிறகு நான் செருப்பை என் வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போகிறேன்.